இஸ்கந்தரிய்யா நூலகத்தை எரித்தவர் யார்?

ஆண்டு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை தரவேண்டும் என்று நமது ஜமாஅத் நிர்வாகக் குழுவினர் அன்புடன் கேட்டுக்கொண்டபோது, எதைப் பற்றி எழுதுவது என நான் நெடுநேரம் யோசிக்கவில்லை. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்த ஒரு கேள்வியைச் சென்ற ஆண்டு எகிப்து நாட்டின் இஸ்கந்தரிய்யா நகரம் வரை சுமந்து சென்றேன். உம்ராவை நிறைவேற்றிவிட்டுத் திரும்பும் வழியில் கெய்ரோவில் ஐந்து நாட்கள் தங்கும் வாய்ப்பை அல்லாஹ் தந்தான். அவற்றுள் இரண்டு நாட்களை அந்தக் கடற்கரை நகரத்துக்கென ஒதுக்கினேன்.

கேள்வி பிறந்த இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது எங்கள் வரலாற்று ஆசிரியர் ஒருநாள் அலெக்சாந்திரியா நூலகத்தைப் பற்றிப் பாடம் நடத்தினார். அரபுப் படைகள் அந்நகரைக் கைப்பற்றியபோது, நூல்களை என்ன செய்வது என்று தளபதி கேட்டெழுதினாராம். அவை குர்ஆனோடு ஒத்திருந்தால் தேவையற்றவை, முரண்பட்டிருந்தால் தீயவை, எப்படியாயினும் அழித்துவிடுக என்று கலீஃபா உமர் (ரலி) அவர்கள் பதில் அனுப்பினார்களாம். நகரத்துக் குளியல் கூடங்களில் ஆறு மாதம் விறகுக்குப் பதிலாக நூல்களே எரிந்தனவாம். வகுப்பில் நாங்கள் முஸ்லிம் மாணவர்கள் மூவர். மற்ற அனைவரும் திரும்பி எங்களைப் பார்த்தனர். ஆசிரியர் நல்லவர், எங்களைப் புண்படுத்த வேண்டும் என்று சொன்னவரல்லர், தாம் படித்த நூலில் இருந்ததைச் சொன்னார். வீட்டுக்கு வந்து வாப்பாவிடம் கேட்டேன். "அப்படி இருக்காது தம்பி" என்றார்கள். ஏன் இருக்காது என்பதற்கு அவர்களிடம் விடையில்லை. அன்றிரவு நான் சரியாக உறங்கவில்லை.

கெய்ரோவின் ரம்சீஸ் நிலையத்திலிருந்து இஸ்கந்தரிய்யா ஏறத்தாழ 200 கிலோமீட்டர். புகைவண்டி நைல் நதியின் கழிமுகச் சமவெளியை ஊடறுத்துச் செல்கிறது. இருபுறமும் பசும் வயல்கள், வாய்க்கால்கள், பேரீச்ச மரங்கள். நம் தஞ்சை மாவட்டத்தில் பயணம் செய்வது போன்ற மயக்கமே ஏற்படுகிறது. நகரம் மத்தியதரைக் கடலுக்கும் மர்யூத் ஏரிக்கும் இடைப்பட்ட குறுகிய நிலத்தில் நீளவாக்கில் கிடக்கிறது. கி.மு. 331இல் மாமன்னர் அலெக்சாந்தர் இதற்கு அடிக்கல் நாட்டினார். கரைக்கு எதிரே இருந்த ஃபாரோஸ் என்னும் சிறு தீவுக்கும் நகருக்கும் இடையே ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மிகுதியான நீளத்தில் ஓர் அணைச்சாலை போடப்பட்டது. அதன் இருபுறமும் நூற்றாண்டுகளாக மணல் சேர்ந்து இன்று அது அகன்ற நிலமாகிவிட்டது. அதன் மேல் கடைவீதிகளும் குடியிருப்புகளும் நிறைந்துள்ளன. நடந்து செல்பவருக்குத் தாம் கடலின் மேல் நடக்கிறோம் என்பது தெரியாது.

அலெக்சாந்தருக்குப் பின் எகிப்தை ஆண்ட தாலமி வம்சத்து அரசர்கள் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அமைத்ததே அந்தப் புகழ்பெற்ற நூலகம். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் நூல்கள் இருந்தால் அவற்றைப் பறித்துப் படியெடுத்து, மூலத்தைத் தாம் வைத்துக்கொண்டு படியை உரியவரிடம் கொடுத்தனர் என்று பண்டைய மருத்துவர் காலென் எழுதியுள்ளார். அறிவின் மீதான ஆசையும் ஒருவகைக் கொள்ளையில் முடியக்கூடும் போலும்! பூமியின் சுற்றளவை நிழலைக் கொண்டு கணக்கிட்ட எரட்டோஸ்தனீஸ் இந்நூலகத்தின் தலைவராயிருந்தவர். கலிமாக்கஸ் என்பவர் தொகுத்த நூற்பட்டியல் மட்டும் 120 சுருள்களைக் கொண்டிருந்தது. அக்காலத்தில் நூல் என்பது நாம் அறிந்த ஏடுகளின் கட்டு அன்று. நைல் கரையில் விளையும் பாப்பிரஸ் என்னும் நாணற்புல்லின் தண்டிலிருந்து செய்த தாளில் எழுதிச் சுருட்டி வைக்கப்பட்ட சுருள். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இது தேவைப்படும்.

முதல் நாள் காலையில் சுல்தான் காயித்பாய் கோட்டைக்குச் சென்றேன். பழைய ஃபாரோஸ் தீவின் முனையில், உலக அதிசயங்களுள் ஒன்றாகக் கருதப்பட்ட கலங்கரை விளக்கம் நின்ற அதே இடத்தில், அதன் கற்களையும் பயன்படுத்தி, கி.பி. 1477இல் மம்லூக் சுல்தான் காயித்பாய் கட்டத் தொடங்கிய கோட்டை அது. கலங்கரை விளக்கம் நூறு மீட்டருக்கும் மேற்பட்ட உயரமுடையதாக இருந்து, 1,500 ஆண்டுகளுக்கும் மேலாகக் கப்பல்களுக்கு வழிகாட்டியது.

கி.பி. 1183இல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட அந்தலூஸ் நாட்டு அறிஞர் இப்னு ஜுபைர் இங்கே கப்பலிலிருந்து இறங்கினார். இறங்கியதும் அவருக்குக் கிடைத்தது சுங்க அதிகாரிகளின் சோதனை. பயணிகள் ஒவ்வொருவராக அழைக்கப்பட்டனர், மூட்டைகள் கிளறப்பட்டன, இடுப்புக்கச்சைக்குள்ளும் கைவிட்டுத் தேடப்பட்டது, வேறொன்றும் மறைக்கவில்லை என்று சத்தியமும் வாங்கப்பட்டது. ஹாஜிகளை இப்படி அவமதிப்பது சுல்தான் ஸலாஹுத்தீன் அவர்களுக்குத் தெரியாது, தெரிந்தால் பொறுக்கமாட்டார் என்று இப்னு ஜுபைர் வருந்தி எழுதுகிறார். விமான நிலையங்களில் நின்று பழகிய நம்மவர்கள் இதைப் படித்தால் 840 ஆண்டுகளில் அதிகம் ஒன்றும் மாறவில்லை என்று புன்னகைப்பர். ஆனால் அதே பயணக் குறிப்பில் அவர் இந்நகரத்தின் மத்ரஸாக்களையும், வெளியூர் மாணவருக்கெனக் கட்டப்பட்ட விடுதிகளையும், நோயுற்ற அந்நியருக்கென வைக்கப்பட்ட மருத்துவர்களையும் மனமாரப் புகழ்கிறார். கலங்கரை விளக்கத்தின் உச்சியில் ஒரு பள்ளிவாசல் இருந்ததாம். அதில் ஏறித் தொழுததாகவும் எழுதியுள்ளார்.

1303ஆம் ஆண்டு நிலநடுக்கம் அக்கோபுரத்தைக் கடுமையாகச் சிதைத்தது. 1326இல் இப்னு பதூதா வந்தபோது ஒரு பக்கம் இடிந்திருந்தது. ஆயினும் உள்ளே செல்ல முடிந்தது. உலகம் சுற்றி 1349இல் அவர் திரும்பி வந்து பார்த்தபோது வாயிலை அடையக்கூட முடியாதவாறு அது பாழாகிக் கிடந்தது. முதல் வருகையின்போதே புர்ஹானுத்தீன் அல்அஃரஜ் என்ற பெரியார் அவரை நோக்கி, நீர் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் செல்வீர் என்று முன்னறிவித்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. அவ்வாறே இந்தியா வந்த இப்னு பதூதா, 1340களில் நம் மஅபர் கரைக்கும் மதுரைக்கும் வந்து சென்றார்.

கோட்டைச் சுவரருகே நின்று கீழே கடலைப் பார்த்தேன். அந்த நீருக்கடியில் கலங்கரை விளக்கத்தின் கற்களும் சிலைகளும் தூண்களும் ஆயிரக்கணக்கில் கிடப்பதை 1994இல் தொடங்கிய ஆழ்கடல் ஆய்வு வெளிக்கொணர்ந்தது. 2025இல் அவற்றுள் மிகப் பெரிய 22 கற்களை வெளியே தூக்கி ஆராய்ந்தனர். கல்லே கடலுக்குள் போய்விட்ட ஊரில் நாணற்புல் தாள் எத்தனை நாள் தாக்குப்பிடித்திருக்கும் என்ற எண்ணம் எனக்கு முதன்முதலில் அங்கேதான் தோன்றியது.

நண்பகலில் அமூதுஸ் ஸவாரீ எனப்படும் பெருந்தூண் நிற்கும் மேட்டுக்குச் சென்றேன். அஸ்வான் செங்கருங்கல்லில் செதுக்கிய ஒற்றைத் தூண். பீடத்தோடும் தலைப்பகுதியோடும் ஏறத்தாழ 27 மீட்டர் உயரம். ரோமானியத் தளபதி பாம்பேயின் பெயரால் ஐரோப்பியர் இதை அழைத்தாலும், இது கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பேரரசர் டயோக்ளீஷியனுக்காக நிறுத்தப்பட்டது. இம்மேட்டில்தான் செராப்பியம் என்னும் பெருங்கோவில் இருந்தது. பெரிய நூலகத்தின் கிளை நூலகமும் இங்கேயே இருந்தது. தூணுக்குக் கீழே பாறையைக் குடைந்த சுரங்கப் பாதைகள் உள்ளன. சுவரில் வரிசையாக மாடங்கள். சுருள்கள் வைத்த மாடங்களாக இருக்கலாம் என்று வழிகாட்டி சொன்னார். ஒரு மாடத்தில் கைவைத்துப் பார்த்தேன். பாறை ஈரமாக இருந்தது.

இப்போது கேள்விக்கு வருவோம். அரபுகள் வருமுன் அந்நூலகத்துக்கு நேர்ந்தவை யாவை? கி.மு. 145இல் எட்டாம் தாலமி அரசன் அறிஞர்களை நகரைவிட்டு விரட்டினான். கி.மு. 48இல் ஜூலியஸ் சீசர் துறைமுகத்தில் கப்பல்களுக்கு வைத்த தீ கரையிலிருந்த கிடங்குகளுக்கும் பரவியது; 40,000 சுருள்கள் எரிந்தன என்று ரோமானிய அறிஞர் செனெக்கா குறிப்பிட்டுள்ளார். கி.பி. 272ஐ ஒட்டிப் பேரரசர் அவுரேலியன் நடத்திய போரில் நூலகம் இருந்த அரண்மனைப் பகுதியே தரைமட்டமானது. கி.பி. 391ஐ ஒட்டி செராப்பியம் இடிக்கப்பட்டது. அப்போது அங்கே நூல்கள் எஞ்சியிருந்தனவா என்பதே ஐயத்துக்குரியது. இதை நான் எழுதுவது, நம் மீது விழுந்த பழியை எடுத்து வேறொரு சமயத்தார் தலையில் வைப்பதற்காக அன்று. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓரோஸியஸ் என்ற கிறிஸ்தவ வரலாற்றாசிரியர் கோவில்களில் வெறுமையான நூற்பேழைகளைத் தாம் கண்டதாக எழுதிவிட்டார். அதற்குப் பின் இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் கழிந்தே முஸ்லிம்கள் இந்நகருக்கு வந்தனர்.

அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் கி.பி. 639 டிசம்பரில் எகிப்துக்குள் நுழைந்தார்கள். 641இல் இஸ்கந்தரிய்யா ஒப்பந்தத்தின் மூலம் பணிந்தது. நகரை விட்டு வெளியேற ரோமானியருக்குப் பதினொரு மாத அவகாசம் தரப்பட்டது. 642இல், அதாவது ஹிஜ்ரி 21இல், முஸ்லிம் படை நகருக்குள் நுழைந்தது. ஒருவேளை மதிப்புமிக்க நூல்கள் எஞ்சியிருந்தால் அந்தப் பதினொரு மாதங்களில் அவற்றைக் கப்பலேற்றியிருக்கலாம். கடல்வழி அவர்களுக்குத் திறந்தே இருந்தது.

சாட்சிகளைப் பார்ப்போம். நிக்கியூ நகரத்துப் பிஷப் யோவான் என்பவர் அதே ஏழாம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த கிறிஸ்தவர். இந்தப் படையெடுப்பை விரிவாக எழுதியவர். முஸ்லிம்கள் விதித்த வரியையும் நிகழ்ந்த கொடுமைகளையும் கசப்போடு பதிவு செய்தவர். மறைத்துப் பேச வேண்டிய தேவை அவருக்கு இல்லை. நூலகம் எரிந்ததாக அவர் ஒரு சொல்லும் எழுதவில்லை. அம்ர் (ரலி) அவர்கள் தேவாலயங்களின் உடைமைகளைத் தொடவில்லை என்றே எழுதியுள்ளார். எகிப்து வெற்றியைப் பற்றித் தனிநூலே இயற்றிய இப்னு அப்தில் ஹகம், அடுத்து பலாதுரீ, தபரீ ஆகியோரும் இதைக் குறிப்பிடவில்லை. ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக எவருக்கும் தெரியாத ஒரு தீ!

அப்படியானால் கதை எங்கிருந்து வந்தது? இங்கே நாம் கசப்பான ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். இக்கதையை முதலில் எழுதியவர்கள் நம் எதிரிகள் அல்லர், நம்மவர்களே. கி.பி. 1200ஐ ஒட்டி எகிப்துக்கு வந்த பக்தாத் மருத்துவர் அப்துல் லத்தீஃப், நான் நின்ற அதே தூணைப் பார்த்துவிட்டு, இது அரிஸ்டாட்டில் பாடம் நடத்திய மண்டபத்தின் பகுதி எனவும், உமர் (ரலி) அவர்களின் அனுமதியோடு அம்ர் (ரலி) அவர்கள் எரித்த நூலகம் இங்கேதான் இருந்தது எனவும் தாம் கருதுவதாகப் போகிற போக்கில் எழுதினார். அரிஸ்டாட்டில் இஸ்கந்தரிய்யாவில் பாடம் நடத்தியவரே அல்லர். தூணோ அவர் மறைந்து அறுநூறு ஆண்டுகள் கழித்து எழுந்தது. வாக்கியத்தின் முற்பாதி இவ்வளவு பிழையானால் பிற்பாதியை எவ்வாறு நம்புவது?

அவருக்குப் பின் இப்னுல் கிஃப்தீ (மறைவு கி.பி. 1248) என்ற அறிஞர் கடிதம், பதில், குளியல் கூடம் என்று கதையை முழு வடிவில் எழுதினார். இவர் பிறந்த கிஃப்த் என்னும் ஊருக்கும் நம் தென்னகத்துக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. பண்டைக்காலத்தில் முசிறித் துறைமுகத்திலிருந்து செங்கடல் வழியாக வந்த மிளகும் பிற பொருள்களும் ஒட்டகங்களில் பாலைவனத்தைக் கடந்து, அன்று கோப்டஸ் எனப்பட்ட இந்த ஊரில் நைல் நதிப் படகுகளில் ஏற்றப்பட்டு இஸ்கந்தரிய்யாவை அடைந்தன. கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு கடன் ஒப்பந்தம் இதைத் தெளிவாகக் கூறுகிறது. முசிறி பாப்பிரஸ் எனப்படும் அத்தாள் இன்று வியன்னா நூலகத்தில் உள்ளது. இது கிளைச் செய்தி, கதைக்குத் திரும்புவோம்.

இப்னுல் கிஃப்தீயின் கதையில், நூல்களைத் தமக்குத் தருமாறு அம்ர் (ரலி) அவர்களிடம் கேட்பவர் யஹ்யா நஹ்வீ என்னும் இலக்கண அறிஞர். யோவான் ஃபிலோபோனஸ் என்ற இவர் உண்மையாக வாழ்ந்தவரே. ஆனால் கி.பி. 529இல் புகழ்பெற்ற தத்துவ நூல் ஒன்றை எழுதியவர் அவர். 642இல் உயிரோடிருந்திருந்தால் அவருக்கு நூற்றைம்பது வயதாகியிருக்க வேண்டும்! அடுத்து, 4,000 குளியல் கூடங்களில் ஆறு மாதம் எரிந்தன என்ற கணக்கு. நூலகத்தின் செழிப்பான காலத்துக்குக் கூட மிக உயர்ந்த மதிப்பீடு 7 இலட்சம் சுருள்களே. அவை ஒன்றுகூடக் குறையாமல் இருந்தன என்றே வைத்துக்கொள்வோம். 4,000ஆல் வகுத்தால் ஒரு கூடத்துக்கு 175 சுருள்கள். ஆறு மாதத்துக்கு 180 நாட்கள். நாளொன்றுக்கு ஒரு சுருள்கூட வரவில்லை. ஒரு தாள் சுருளைக் கொண்டு ஒரு செம்புத் தண்ணீரையாவது சூடாக்க முடியுமா என்று நம் வீட்டுப் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இப்னு கல்தூன் அவர்கள் இதே கடிதக் கதையைப் பாரசீக நூல்களைப் பற்றிச் சொல்கிறார்கள். அங்கே தளபதி ஸஅத் (ரலி) அவர்கள், நூல்கள் நீரிலும் தீயிலும் போகின்றன. ஊருக்கு ஊர் பெயர் மாறி உலவும் கதை இது என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? ஸலாஹுத்தீன் அவர்களின் ஆட்சி தொடங்கியபோது, கெய்ரோவில் ஃபாத்திமீ அரசர்களின் பெருநூலகம் ஏலத்தில் சிதறடிக்கப்பட்டது. அச்செயலுக்கு முன்னுதாரணம் காட்டவே இக்கதை அக்காலத்தில் பரப்பப்பட்டிருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்களும் உளர். எப்படியாயினும், பின்னர் சிரியா நாட்டுக் கிறிஸ்தவ அறிஞர் அபுல் ஃபரஜ் அதைச் சுருக்கி எழுத, 1663இல் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் போக்காக் அதை லத்தீனில் வெளியிட, கதை ஐரோப்பா முழுதும் பரவி, இறுதியில் எங்கள் ஒன்பதாம் வகுப்புக்கும் வந்து சேர்ந்தது.

அதை மறுத்தவர்களிலும் ஐரோப்பியர்களே முன்னணியில் நின்றனர் என்பதை நன்றியோடு குறிப்பிட வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே கிப்பன் இக்கதையைத் தம்மால் ஏற்க இயலவில்லை என எழுதினார். 1902இல் ஆல்ஃபிரட் பட்லர் அரபுகளின் எகிப்து வெற்றி பற்றிய தம் நூலில் இதை ஒவ்வொரு கண்ணியாக அறுத்தெறிந்தார். நம் நாட்டில் மௌலானா ஷிப்லீ நுஃமானீ (ரஹ்) அவர்கள் உருதுவில் தனிக்கட்டுரையே எழுதினார்கள். இவையெல்லாம் எங்கள் வாப்பா பிறப்பதற்கு முன்பே அச்சில் வந்துவிட்டவை. எங்கள் வீட்டு அலமாரியில் இல்லை, அவ்வளவே.

பழி நீங்கியது என்று மகிழ்ந்து இத்துடன் கட்டுரையை முடித்திருப்பேன். ஆனால் அன்று இரவு விடுதியில், கையோடு கொண்டுபோயிருந்த குறிப்புகளைப் புரட்டியபோது, இதே நகரத்து ஆலிம் ஒருவரைப் பற்றிய செய்தி என் உறக்கத்தை மீண்டும் கெடுத்தது.

அல்ஹாஃபிழ் அபூதாஹிர் அஸ்ஸிலஃபீ (ரஹ்) அவர்கள் இஸ்ஃபஹானில் பிறந்து, நாடுகள் பல சுற்றி ஹதீஸ் கலையைக் கற்று, ஹிஜ்ரி 511இல் இஸ்கந்தரிய்யாவுக்கு வந்து, ஹிஜ்ரி 576இல், கி.பி. 1180இல், ஏறத்தாழ நூறாம் வயதில் மறையும் வரை இங்கேயே வாழ்ந்தவர்கள். நம் கடற்கரை ஊர்கள் பின்பற்றும் அதே ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர்கள். ஃபாத்திமீ ஆட்சியிலேயே அவர்களுக்கென ஒரு மத்ரஸா இங்கே கட்டப்பட்டது. அந்தலூஸ் முதல் குராஸான் வரை மாணவர்கள் அவர்களைத் தேடி வந்தனர். சுல்தான் ஸலாஹுத்தீன் அவர்களே நேரில் வந்து அமர்ந்து ஹதீஸ் கேட்டுச் சென்றார். கையில் எது கிடைத்தாலும் அதை நூல்கள் வாங்கவே செலவிட்டார்கள். அறை அறையாக நூல்கள் சேர்ந்தன. அவற்றையெல்லாம் எடுத்துப் பார்க்க அவர்களுக்கு நேரம் இருக்கவில்லை. அவர்கள் மறைந்த பின் பேழைகளைத் திறந்தபோது, இஸ்கந்தரிய்யாவின் ஈரக்காற்றால் பெரும்பாலான நூல்கள் பூஞ்சை பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிக் கிடந்தன. கோடரியால் பிளந்து எடுத்தார்களாம். அப்படியும் பெரும்பகுதி அழிந்துபோயிற்று. இமாம் தஹபீ (ரஹ்) அவர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

எதிரி இல்லை; படையெடுப்பு இல்லை; தீ இல்லை. நூல்களை நேசித்த ஒரு பெரியாரின் வீட்டில், அவர் கண்ணெதிரே இது நிகழ்ந்தது. தாலமி அரசர்களின் சுருள்களுக்கும் பெரும்பாலும் இதுவே நேர்ந்திருக்கும் என்று இன்றைய ஆய்வாளர்கள் பலர் கருதுகின்றனர். பாப்பிரஸ் தாள் எகிப்தின் உலர்ந்த பாலைமணலில் ஈராயிரம் ஆண்டுகள் கிடக்கும். கடற்கரை ஈரத்தில் சில நூறு ஆண்டுகள்கூட நிற்பது அரிது. அவ்வப்போது புதிதாகப் படியெடுத்துக்கொண்டே இருந்தால்தான் நூல் வாழும். படியெடுப்பவருக்குக் கூலி கொடுக்க அரசு விரும்பாதபோது நூலகம் சத்தமில்லாமல் செத்துவிடுகிறது.

மறுநாள் புதிய நூலகத்தைக் காணச் சென்றேன். எகிப்து அரசும் யுனெஸ்கோவும் சேர்ந்து எழுப்பி, 2002 அக்டோபரில் திறக்கப்பட்ட கட்டடம். கடலை நோக்கிச் சாய்ந்த, 160 மீட்டர் விட்டமுள்ள வட்டத் தட்டுப் போன்ற கூரை. வெளிப்புறச் சுவரில் அஸ்வான் கருங்கல்லில் உலகின் 120 வகை எழுத்துகள் செதுக்கப்பட்டுள்ளன. உள்ளே 2,000 பேர் அமர்ந்து படிக்கக்கூடிய, படிப்படியாக இறங்கும் ஒரே மண்டபம். மாணவ மாணவியர் அமைதியாகப் படித்துக்கொண்டிருந்தனர். 2011 ஜனவரி இறுதியில் எகிப்தில் மக்கள் எழுச்சி மூண்டு, நகரத்தில் அரசுக் கட்டடங்கள் எரிந்துகொண்டிருந்தபோது, இளைஞர்கள் கைகோத்து இந்நூலகத்தைச் சுற்றி அரணாக நின்றனர். எரித்தவர்களின் வழித்தோன்றல்கள் என்று எந்த மக்களை உலகம் ஏசியதோ, அந்த மக்களின் பிள்ளைகள். என் வரலாற்று ஆசிரியர் இன்று உயிரோடிருந்தால் அவருக்கு ஒரு கடிதம் எழுதியிருப்பேன். அவர் மகிழ்ந்திருப்பார் என்றே நம்புகிறேன்.

மாலையில் அன்ஃபூஷீ பகுதிக்கு வந்தேன். ஷாதுலிய்யா தரீக்காவின் பெரியார் அபுல் அப்பாஸ் அல்முர்ஸீ (ரஹ்) அவர்களின் பெரிய பள்ளிவாசல் இங்கே உள்ளது. அதற்கு எதிரிலேயே, அவர்களின் சீடரும் புர்தா ஷரீஃபை இயற்றியவருமான இமாம் பூஸிரீ (ரஹ்) அவர்களின் பெயரால் அமைந்த பள்ளிவாசல். மஃக்ரிபை அங்கே தொழுதேன். உள்ளே சுவரின் மேற்புறத்தில் புர்தாவின் அடிகள் பொறிக்கப்பட்டிருந்தன. சிறுவயது முதல் ஊரில் பெரியவர்கள் கூட்டாக ஓதக் கேட்ட அடிகள். பக்கத்தில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், நான் வாயசைத்து ஓதுவதைக் கண்டு, எந்த நாடு என்று கேட்டார். ஹிந்த் என்றேன். உங்கள் ஊரில் இதை எப்படி ஓதுகிறீர்கள் என்றார். நம் ராகத்தில் இரண்டு அடிகள் ஓதிக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, எழுத்தில் வைத்து ஓதுகிறீர்களா, மனனமாகவா என்று வினவினார். என் பாட்டனார் காலத்துக் கையெழுத்துப் பிரதி எங்கள் பள்ளிவாசலில் உண்டு என்று பெருமையோடு சொன்னேன். சொன்ன பிறகுதான் அதைக் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று எண்ணிப் பார்த்தேன். முப்பது ஆண்டுகளுக்குக் குறையாது.

ஊர் திரும்பிய வாரமே மோதினார் அவர்களை அழைத்துக்கொண்டு பள்ளிவாசல் மாடிக்குச் சென்றேன். அலமாரியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று அறியவே மூன்று நாட்களாயின. நமது முன்னோர்கள் வக்ஃபு செய்த கிதாபுகள் அதில் இருந்தன: ஃபிக்ஹு நூல்கள், மௌலிது ஏடுகள், அரபுத்தமிழில் எழுதிய மார்க்கச் சட்ட நூல்கள், வைத்தியக் குறிப்புகள். கீழ்த்தட்டு இரண்டையும் கறையான் முற்றாக அரித்துவிட்டது. மேல்தட்டில் இருந்தவை மழைக்காலந்தோறும் சுவரில் கசிந்த நீரால் ஒட்டிக்கொண்டு செங்கல்லைப் போல இருந்தன. கோடரி தேவைப்படவில்லை, மூங்கில் பட்டையால் மெல்லப் பிரித்தோம். நாற்பத்தைந்துக்கும் குறையாத கிதாபுகளில் படிக்கத்தக்க நிலையில் கிடைத்தவை பதினேழு. யாரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை; முன்பு ஆறு ஆண்டுகள் நிர்வாகக் குழுவில் நானும் இருந்தவன்.

அந்தப் பதினேழில் புர்தா ஷரீஃப் பிரதியும் ஒன்று. அரபு அடிகள் கறுப்பு மையிலும், அவற்றுக்கிடையே அரபுத்தமிழில் பொருள் சிவப்பு மையிலும் அழகாக எழுதப்பட்டுள்ளன. எழுதியவர் பெயரும் ஆண்டும் இருக்க வேண்டிய கடைசி ஏடு முந்தைய ஏட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பிரிக்க எங்களுக்குத் துணிவு வரவில்லை.

இவற்றைக் கீழே அலுவலக அறையில், ஈரம் படாத இரும்பு அலமாரியில், வேப்பிலையும் வசம்பும் இட்டு வைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை தவிர ஏனைய நாட்களில் அஸருக்குப் பின் மோதினார் திறந்து காட்டுவார். அரபுத்தமிழ்க் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் நம் ஜமாஅத்தில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் வந்து பார்க்க வேண்டும். ஒட்டிய ஏட்டைச் சேதமின்றிப் பிரிக்கும் முறை அறிந்தவர் எவரேனும் இருப்பின் அலுவலகத்தில் தெரிவிக்கவும். தத்தம் வீடுகளின் பரணில் இத்தகைய கிதாபுகள் வைத்திருப்போர், இன்ஷா அல்லாஹ், வரும் மழைக்காலத்துக்கு முன்பாக ஒருமுறை இறக்கிப் பார்த்துவிடுவது நல்லது.